உப்பளத்துக்கு எதற்கு எர்த்து?

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். அதை வெறும் பேச்சாலேயே அடக்கி ஆண்டவர் ஒருவர்தான். அவர் மரக்காணத்து உப்பளம் ஒன்றின் மேனேஜர் தேசப்பன்.

அந்த உப்பளத்தில் கிணற்று உப்புத்தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைக்க ஒரு மோட்டார் இருக்கிறது. காலையில் அதைப் போடும் பொறுப்பு அங்கே கூலிவேலை செய்யும் பாஞ்சாலையுடையது. பொறுப்பு என்றதும் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பச்சை பட்டனை அமுக்க வேண்டும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் குழாயில் இருக்கிற இரும்பு வால்வைக் கையால் திருகித் திறக்க வேண்டும். பட்டனைக் குச்சியால் அமுக்கிவிடலாம். வால்வைக் குச்சியால் திருக முடியாது. அதைத் தொட்டால் மோட்டார் கடிக்கும்.

தை மாதத்தில் எறும்பு மாதிரி சுருக்கென்றது. பங்குனியில் நட்டுவாக்காலி ஆகிவிட்டது. உப்புக்காற்று இரும்பைத் தின்று முடித்துவிட்டு ஒயரின் தோலையும் தின்னத் தொடங்கியிருந்தது. பாஞ்சாலை முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். உள்ளங்கையால் தொட்டால் கை மூடிக்கொள்ளும், விடாது. அப்புறம் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, அங்காளம்மனைக் கூப்பிட்டு, ஒரே திருகு. அப்படித் திருகிய ஒரு நாள் வலது கை தோள்வரைக்கும் மரத்துப்போனது. மதியச் சோற்றை இடது கையால் தின்றாள். தின்று முடித்ததும் கூட வேலை செய்யும் ராசம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

“சார், மோட்டார் கரண்டு அடிக்குதுங்க. ஒரு எர்த்து ஒயர் போடச் சொல்லுங்க.”

தேசப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். “எர்த்துன்னா என்னான்னு தெரியுமா உனக்கு?”

“எங்க தெரு டேங்கு மோட்டாருக்குப் போட்டாங்க, பாத்தேன். குழி தோண்டி கம்பிய எறக்குனாங்க.”

“குழியில வேற என்னா போட்டாங்க?”

“கரியும் உப்பும்.”

“உப்பு!” தேசப்பன் எழுந்தே நின்றுவிட்டார். “ஊரு ஒலகத்து எர்த்து குழிக்கெல்லாம் உப்பு எங்கேருந்து போவுது? நம்மகிட்டேருந்து! அவன் ஒரு குழியில போடுறான். நமக்கு ஊரே குழி. நீ என்னாடான்னா கடலுக்கு உப்பு போடச் சொல்ற!”

“ஞாயந்தானக்கா, இங்க இல்லாத உப்பா?” என்றாள் ராசம்மாள். உப்பைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் இந்த ஊர் ஆட்களுக்கு மறுக்க வாய் வராது.

“உப்பு இருக்குதுங்க. கம்பி இல்லியே?”

“இவ்ளோ உப்பு இருக்கும்போது கம்பி எதுக்கும்மா?”

இதற்குப் பாஞ்சாலையிடம் பதில் இல்லை. தேசப்பனிடமும் இல்லை. ஆனால் நாற்காலி அவரிடம் இருந்தது.

“சரிங்க, செருப்பாவது போட்டுக்குறேன்.”

“உப்பளத்துல செருப்பா? லட்சுமிம்மா அது!”

அந்த லட்சுமியின் மேல் அப்போது ஒரு லாரி ரிவர்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. லாரி செருப்பு போட்டிருக்கவில்லை, ஆகவே குற்றமில்லை.

அடுத்த வாரம் ‘பாதுகாப்பு வாரம்’ பிறந்தது. சென்னையில் இருக்கும் முதலாளி போனிலேயே அதைப் பெற்றெடுத்தார். எர்த்துக்கென்றே ஒரு சுருள் பச்சை ஒயர் வந்திறங்கியது. பாஞ்சாலைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பின்னாலேயே ‘பாதுகாப்பே நமது மூச்சு’ என்று ஒரு பேனரும் வந்தது. கடற்காற்றுக்குச் சணல் கயிறு தாங்கவில்லை. பேனர் பட்டமாகப் பறந்தது. தேசப்பன் கொஞ்சமும் கலங்காமல் பச்சை ஒயரை வெட்டி, பேனரை இழுத்துக் கட்டினார்.

“சார், அது மோட்டாருக்கு வந்ததுங்க!”

“பாதுகாப்புக்கு வந்தது. பாதுகாப்புக்குத்தான் கட்டியிருக்குது.”

எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பாஞ்சாலைக்கு ரப்பர் கையுறை மாட்டிப் போட்டோ எடுத்தார்கள். எடுத்ததும் கையுறையைக் கழற்றிக் கவரில் போட்டுப் பூட்டினார்கள். வருகிற வருஷமும் பாதுகாப்பு வரும் அல்லவா!

போட்டோவைப் பார்த்த முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. உப்பளத்தைச் சென்னையிலிருந்தே தினமும் செல்போனில் பார்க்க வேண்டும். பெரிய முதலியார்சாவடியிலிருந்து கேமரா மாட்டும் ஜான்சன் வந்து, மோட்டாரின் இரும்பு ஸ்டாண்டிலேயே ஒரு கம்பத்தை முடுக்கி, மோட்டார் போர்டிலிருந்து கரண்டு எடுத்து, கேமராவை மாட்டிவிட்டுப் போனான். மறுநாளே கேமரா கண்ணை மூடிவிட்டது. ஜான்சன் திரும்பி வந்து கம்பத்தைத் தொட்டான். தொட்டவன் துள்ளிக் குதித்தான்.

“ஏன் சார், எர்த்தே இல்லியா இங்க?”

தேசப்பன் உப்பின் மகிமையை முதலிலிருந்து எடுத்துரைத்தார். ஜான்சன் கையை உதறிக்கொண்டே கேட்டான்.

“மண்ணு நல்ல மண்ணுதான் சார். ஆனா மோட்டார் பாடியிலேருந்து கம்பி எறங்குனாத்தான கரண்டு மண்ணுக்குப் போவும்? கம்பி இல்லன்னா, வெறுங்காலோட எவன் தொடுறானோ அவன் வழியாத்தான் போவும்.”

தேசப்பன் முகம் மலர்ந்தது. “அப்ப எர்த்து இருக்குதுன்னு சொல்லுப்பா! பாஞ்சாலை தெனமும் தொடுறாளே!”

தானே நடந்து வந்து, தன் சோற்றைத் தானே கொண்டுவந்து, லீவு கேட்காமல் உழைக்கிற எர்த்து வேறு எந்த ஊரில் உண்டு?

ஆனால் கேமராவுக்கு இந்த எர்த்து போதவில்லை. “கேமராவுக்குக் கரண்டு குடுக்குற அடாப்டர் எரிஞ்சிபோச்சு. அடுத்ததும் எரிஞ்சிடும் சார்” என்றான் ஜான்சன். சென்னைக்குப் போன் போனது. முதலாளி பதறினார். “எர்த்து இல்லாமலா வச்சிருக்கீங்க? என்ன அநியாயம்! இன்னிக்கே போடுங்க!”

அன்றே குழி விழுந்தது. தோண்டியவர்கள் பாஞ்சாலையும் ராசம்மாளும். தகடு இறங்கியது, கரி இறங்கியது. உப்பைப் பாஞ்சாலையே கூடையில் அள்ளிவந்து கொட்டினாள். குழியிலிருந்து புது ஒயர் கிளம்பி, மோட்டாரை உரசாத குறையாகக் கடந்து, கம்பத்தில் ஏறி, கேமராப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. கம்பத்துக்கும் மோட்டார் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஜான்சன் ரப்பர் வைத்துப் பிரித்துவிட்டான். மோட்டாரின் கடி கேமராவைத் தொடக் கூடாதாம்.

“தம்பி, மோட்டாருக்கும் ஒரு துண்டு குடுத்துடேன்.”

“ஒரு நட்டு வேலதான்க்கா. சார் சொல்லட்டும்.”

“கேமராவுக்குத்தான் பர்மிஷன் வந்துருக்குது” என்றார் தேசப்பன். “மோட்டாருக்கு வந்தா சொல்றேன்.”

ஜான்சன் பாஞ்சாலையைப் பார்த்தான். பிறகு தன் பைக்கைப் பார்த்தான். பைக்தான் ஜெயித்தது.

மறுநாள் காலையில் பாஞ்சாலை குச்சியால் பச்சை பட்டனை அமுக்கினாள். மோட்டார் ஓடியது. தேசப்பன் போனை ஆட்டிக்கொண்டே வரப்பில் வந்தார். “படம் கண்ணாடியாட்டம் இருக்குதாம்! இனிமே உனக்குக் கரண்டு அடிச்சாக்கூட மொதலாளி சென்னையிலேருந்தே தெளிவாப் பாத்துடுவாரு!”

பாஞ்சாலை வால்வைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தொறம்மா! மோட்டார் சூடாவுது!”

“நீங்க தொறங்க சார்.”

தேசப்பனின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பாஞ்சாலை தலையைத் தூக்கி, முதலாளிக்கே கேட்கட்டும் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

“அது செத்தா புதுசு வாங்கணும். நான் செத்தா, புதுசு தானா நடந்து வந்து கேட்டுல நிக்கும். ரொம்ப வெவரமாத்தான் கம்பி போட்டுருக்கீங்க!”