ரேடியேட்டருக்குப் போட்ட மாலை

கார் ஓட்டத் தெரிந்தவனுக்குக் காரைப் பற்றியும் தெரியும் என்று நம்புகிறவர்கள் உண்டு. என் மாமியார் நம்பினார், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பாதி தூரம் வரை.

அன்று எனக்குக் கல்யாணம். மண்டபம் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும் என்று முடிவு. என் தாய்மாமாவின் பழைய காரை இரவல் வாங்கி, பெண்ணையும் அவள் அம்மாவையும் நானே அழைத்துப் போனேன். மாமா சாட்சிகளோடு அங்கே காத்திருந்தார். மதியம் ஒரு மணிக்குள் வராவிட்டால் இன்னொரு நாள்தான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். "கவிதை எழுதுறவருட்டி, இன்னொருக்கா யோசி" என்று முந்தின நாள்கூட மகளிடம் சொன்ன மாமியாருக்கு, யோசிக்க இன்னொரு நாள் கிடைத்தால் என் கதி?

காலையிலேயே தொடை தண்டிக்குப் பருமனாக ஒரு செவ்வந்தி மாலை வாங்கி, காரின் முன்பக்க கிரில் முழுக்க மூடும்படி நான்கு சுற்றுச் சுற்றியிருந்தேன். (கவிஞன் சும்மா இருப்பானா?) ஒரு பூந்தோட்டமே கிளம்பி ரோட்டில் வருவது போலிருந்தது. எதிரே வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து வாழ்த்தினார். (வாழ்த்து என்றுதான் நினைத்தேன்.)

டாஷ்போர்டில் ஒரு முள் (இன்ஜின் சூட்டைக் காட்டுவதாம்) ஏறியது. ஏறுவதெல்லாம் நல்லதுக்கே என்பது அப்போது என் கொள்கை. அது சிவப்பைத் தொட்டதும் பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது. செவ்வந்தி வெந்த வாசனை.

இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். புறங்கையில் பட்டென்று ஓர் அடி. கல்யாணப் பெண் செல்வி. அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வெந்நீர் மூஞ்சியில அடிக்கும். கல்யாணத்துக்கு மூஞ்சி வேணாமா?"

நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறவள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாலையை அறுத்து எறிந்தாள்.

"இன்ஜினைச் சுத்திச் சூடாகுற தண்ணி இங்க வந்துதான் காத்து வாங்கும். அது மூக்கைப் பொத்தி வச்சிருக்கீங்க."

"ஏட்டி, நேரமாகுது!" என்றார் மாமியார்.

"செத்த நேரம் ஆறட்டும்மா."

பக்கத்து வயல் பம்புசெட்டில் தண்ணீர் பிடித்து வருவது மட்டும் என் வேலை. அரை மணி கழித்து, என் துண்டை மடித்து வைத்து மூடியை மெல்லத் திருகினாள். குழாயில் ஒழுக்கு உண்டா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீர் ஊற்றினாள். மணி பன்னிரண்டரை.

"ஏசியை அமத்துங்க. ஹீட்டரை முழுசாப் போடுங்க."

சித்திரை வெயிலில் ஹீட்டர்! இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது நம் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு மூவரும் இட்லியாக வெந்தோம். அந்தப் புழுக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது: இரும்பின் காய்ச்சலை வாங்கி, ஓடிப்போய்க் காற்றிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சுமைக்குத் திரும்பி ஓடிவருகிற தண்ணீர், ஒரு நொடி உட்காராத தண்ணீர். நான் எழுதியதில் ஒரு வரிகூட இவ்வளவு உழைத்ததில்லை.

முள் இறங்கியது. மாமியாரின் பவுடர் கழுத்துக்கு இறங்கியது.

"எம்புட்டுச் சூடு!" என்றவர், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ இல்லாட்டி இவரு வழியிலயே நின்னுருவாரு. கட்டித்தான் வைக்கணும்."

பத்து நிமிடம் மிச்சமிருக்கக் கையெழுத்துப் போட்டோம். போட்டோவில் மூன்று பேரும் குளத்திலிருந்து ஏறியவர்கள் மாதிரி இருப்போம்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். மைக்கைப் பிடித்து என்னைப் பற்றியே இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து மாமியாரின் குரல், அரங்கம் முழுக்கக் கேட்டது:

"ஏட்டி செல்வி, மாப்பிள்ளைக்கு முள்ளு ஏறுது. போய் மாலையைக் கழட்டு!"