ஒரு சொட்டு ஒழுகாத பெட்டி

இந்த எஸ்டேட்டில் மூளை உள்ளவன் நான் ஒருத்தன்தான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்கத்தான் என் பெண்டாட்டி திலகத்துக்குப் பொறுமையில்லை.

நான் தங்கையா. தேயிலை பேக்டரியில் பிட்டர். மிஷின் நின்றுபோனால் துரையே, "கூப்பிடு தங்கையாவை" என்பார். அப்பேர்ப்பட்டவன் வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்தால், இவள் ஒரு கோணிச்சாக்கை நீட்டி, "தொடைங்க" என்பாள். பெட்டி ஒழுகுகிறதாம்.

என்ன பெட்டியா? முன்னறையில் என் மீன் தொட்டி இருக்கிறது. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த நாலு தங்க மீன். தண்ணீர் கலங்காமல் இருக்க, தொட்டிக்கு அடியில் ஒரு பெட்டி வேண்டும். மேலேயிருந்து அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். பஞ்சு, சரளைக்கல், கரி என்று மூன்று அறையைத் தாண்டி நாலாவது அறைக்குச் சுத்தமாக வந்து சேரும். அங்கே ஒரு சின்ன மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். பத்திரிகையில் படம் பார்த்தேன். பேக்டரியில் கழித்துப் போட்ட பெர்ஸ்பெக்ஸ் பலகையை அறுத்து நானே செய்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே போட்டால் உடையாது.

ஒழுகும். அது ஒன்றுதான் குறை.

முதலில் தார் பூசினேன். தார் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. அப்புறம் சைக்கிள் டியூப் ஒட்டுகிற கோந்து. அப்புறம் மெழுகு. மூன்று தடவையும் திலகத்தின் அரிசி மூட்டை நனைந்தது. இந்த மலைக் குளிரில் சும்மாவே பருப்பில் பூசணம் பூக்கும். அதற்கும் நான்தான் காரணமாம்.

"ஏங்க, இந்த எழவுப் பெட்டிய என்னதான் பண்ணப் போறீங்க?"

"ரிப்பேர் பண்றேன்."

"நாலு மாசமா ரிப்பேரு! ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். ஒரு சொட்டு ஒழுகிச்சோ, தொட்டி, மீனு, மோட்டாரு எல்லாம் சுப்பன் அண்ணன் வீட்டுக்குப் போயிரும்."

"ஒழுகலேன்னா?"

"அதுக்கப்புறம் பெட்டியப் பத்தி ஒரு வார்த்தை கொறை சொல்ல மாட்டேன். ஒழுகாத பெட்டியா ஆக்கிக் குடுங்க. எனக்கு அது போதும்."

ஆஹா, அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

சுப்பன் பக்கத்து வீட்டுக்காரன். எஸ்டேட் தச்சன். அவன் கதவு செய்தால் மூடாது. மூடினால் திறக்காது. அவன் கைக்கு என் தங்க மீன் போவதா? புளி கரைத்துக் குழம்பு வைத்துவிடுவான் பாவி!

பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், கடை வைத்திருக்கிற சீன முதலாளி தவுக்கேயிடம் கேட்டேன். சிலிக்கோன் என்று ஒரு டியூப் கொடுத்தார். பழசைச் சுரண்டணும், ஈரம் இருக்கக் கூடாது, ரெண்டு நாள் கதகதப்பில் காயணும் என்றார். சுரண்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூலை மூலையாகப் பிதுக்கி விரலால் நீவினேன். வினிகர் போத்தல் கவிழ்ந்த மாதிரி வீடு பூரா ஒரே நெடி.

கதகதப்புக்கு எங்கே போவது? இங்கே துவைத்த சட்டையே மூன்று நாள் காயாது. ஆனால் மூளை உள்ளவனுக்கு வழியா இல்லை? பேக்டரி மாடியில் தேயிலைக் கொழுந்து வாட்டுவதற்குச் சூடான காற்று விடுகிற பெரிய காத்தாடி இருக்கிறது. அதன் முன்னால் வைத்தால் தீர்ந்தது.

"வேணாங்க," என்றாள் திலகம். அவள் கொழுந்து பறிக்கிறவள். "கொழுந்து எந்த வாடையையும் இழுத்துக்கும். கூடையில கருவாட்டுப் பொட்டலம் வெச்சாக்கூட கங்காணி கத்துவாரு."

"நீ பறிக்கிற வேலையப் பாரு. மிஷினு சமாச்சாரம் எனக்குத் தெரியும்."

"சரி லா. அப்புறம் என்னையக் கூப்பிடாதீங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் காத்தாடி முன்னால் ஒளித்து வைத்தேன். சனிக்கிழமை கல் மாதிரி காய்ந்திருந்தது. குழாயடிக்குத் தூக்கிவந்து, அடியில் பேப்பர் விரித்துத் தண்ணீரை நிரப்பினேன். கால் மணி நேரம். அரை மணி நேரம். பேப்பர் அப்பளம் போல மொறுமொறுவென்று இருந்தது. ஜெயித்துவிட்டேன்!

அந்த நேரம் பார்த்துத் துரை துப்புகிற சத்தம் கேட்டது. புதுத் தேயிலையைக் கொதிக்க வைத்து, சுவைத்துத் துப்புவது அவர் வேலைதான். ஆனால் அன்றைக்குத் துப்பியது பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணியின் சட்டை மேல்.

"எவன்டா தேயிலைல வினிகர் ஊத்தினது?"

மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார். மாடிக்குப் போனார். இறங்கினார். நேராகக் குழாயடிக்கு வந்து என் பெட்டியை முகர்ந்தார்.

"தங்கையா, இது என்னா?"

எஸ்டேட் பலகை, எஸ்டேட் காற்று, எஸ்டேட் தேயிலை பாழ். எல்லாம் என் மீனுக்காக என்று சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். கொழுந்து இறக்க லோரியில் வந்த பெண்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் திலகமும் இருந்தாள். கூப்பிடாதே என்று சொல்லியிருந்தாளா? வாயால் கூப்பிடவில்லை. கண்ணால் கும்பிட்டேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தொரை மன்னிக்கணும். அது என் சாமான் பெட்டி. அரிசி பருப்பெல்லாம் பூசணம் புடிக்குதுன்னு நான் அழுதேன். ஆசையா செஞ்சு குடுத்தாரு. வெவரம் தெரியாம இங்க காய வெச்சிட்டாரு. பாவம், மூளை கொஞ்சம் கம்மி."

மூளை கம்மி! நாற்பது பேர் முன்னால்! நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

துரை சிரித்துவிட்டார். "பொண்டாட்டிக்கா செஞ்சே? சரி, போ. ஒரு மாசம் மாடியக் கூட்டு, அதான் தண்டனை. நாளைக்கு நம்ம வீட்டுத் தொரைசானி வந்து பெட்டியப் பாப்பாங்க. அவங்க சமையல் ரூம்லயும் ஒரே பூசணம்."

வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெய்வமே, என் வேலையைக் காப்பாத்தினே! நாளைக்கு மட்டும் அரிசியப் போட்டுக் காட்டு. திங்கக்கெழமை பெட்டிய எடுத்துக்கிறேன்."

"திங்கக்கெழமையா? தொரை எப்ப வேணும்னாலும் எட்டிப் பாப்பாரு. நான் சொன்னது பொய்யின்னு ஆகணுமா?"

சொல்லிக்கொண்டே குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பலகை மூடியை இழுத்தாள். நாலு அறைக்கு நாலு கதவு, நாலு குமிழ். பெட்டி மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. மூடியது. திறந்தது.

"இது ஏது?"

"சுப்பன் அண்ணன் செஞ்சு குடுத்தாரு."

"எப்ப?"

"போன மாசமே. நீங்க மெழுகு பூசிக்கிட்டு இருந்தீங்களே, அன்னிக்கு வந்து அளவெடுத்துட்டுப் போனாரு. ஒழுகுற பெட்டிய வெச்சு நான் என்ன பண்றது? நீங்க நல்லா அடைக்கட்டும்னு பொறுத்திருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை துரைசானி வந்தாள். தட்டிப் பார்த்தாள். தனக்கு ரெண்டு வேண்டும் என்றாள். திலகம் வாக்குத் தவறாதவள். அதன் பிறகு பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தினம் காலையில் நான் வாளியும் கையுமாகத் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறேன்.

முதல் அறையில் அரிசி, ரெண்டாவதில் பருப்பு, மூன்றாவதில் மிளகாய். மீனுக்காகச் செய்த பெட்டியில் மீனே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது, மோட்டார் இருக்க வேண்டிய நாலாவது அறையில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு இருக்கிறது.