பாப்பாவின் முழங்கால் வலி குறித்து

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்கும் தயவுசெய்து சமாளித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைக்குள் உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தால் நீங்கள் "என்னது, என்னது" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவீர்கள். அடுத்த வீட்டில்தான் உங்கள் தங்கை இருக்கிறாள். ஆகவே கடிதம். இதில் ஒரு வரிகூட அவளுக்குத் தெரியக் கூடாது.

நம் பாப்பாவுக்கு ஹோட்டல் படிப்பில் இது கடைசி வருஷம் என்பதும், எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் என்று சொல்லி முன்பின் தெரியாத இந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பதும், நான் துணைக்கு வந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டே நாளில் ஒரு அறை பார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றுதான் உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தேன். முதல் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் குடிநீர்த் துறையில் ஆய்வாளராக இருந்தவன், பெற்ற பெண்ணைத் தண்ணீர் வராத குழாயோடு விட்டுவிட்டு ரயில் ஏற முடியுமா? இரண்டாம் நாள் தண்ணீர் வந்தது, ஆனால் நிறம் சரியில்லை. மூன்றாம் நாள் நிறம் சரியாகிவிட்டது, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது மச்சான்.

இந்த இன்டர்ன்ஷிப்பில் பாதி மதிப்பெண் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்ப்பதற்கு. மீதிப் பாதி, "வட்டார உணவும் காட்சியிடங்களும்" என்ற தலைப்பில் மாணவி தானே ஊரைச் சுற்றிப் பார்த்து, தானே சாப்பிட்டுப் பார்த்து, வாரம் ஒரு அறிக்கை கைப்பட எழுதி அனுப்புவதற்கு. இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் ஒரு வருஷம் வீண். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையலறைக்காரர்கள் இந்த இரண்டாவது பாதியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போகிற பெண் இரவு எட்டுக்குத்தான் வருகிறாள். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் வெங்காயம் என்கிறாள். மறுநாள் கேட்டால் சின்ன வெங்காயம் என்கிறாள். தலைமைச் சமையல்காரர் பெரிய மீசைக்காரர். ஐந்து மாணவர்களையும் ஒரு மூட்டையைச் சுற்றி உட்கார வைத்து, "இந்த ஊர் சமையலைக் கத்துக்கணும்னா முதல்ல வெங்காயத்தைப் புரிஞ்சுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். அவர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவைத் திறந்து ஒரு மூலையில் சாப்பிடுவாராம். இந்தச் செலவில்லாத வேலையாட்கள் இல்லாவிட்டால் அந்த ஹோட்டலில் சட்னிகூட அரைபடாது என்பது என் தாழ்மையான கருத்து.

முதல் வாரக் கடைசியில் பாப்பா அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் தாளின் மேல் தலை. "நீ தூங்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். பாத்துக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் அப்போது யோசிக்கவில்லை. கையெழுத்துக்குக் கவலை இல்லை. நாலு வயதில் அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான்தான். இரண்டு பேர் எழுத்தையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

ஆனால் ஒன்று. போகாத இடத்துக்குப் போனேன் என்று எழுத என் கைக்கு வராது. சர்வீஸில் ஒரு தொட்டியைக்கூட ஏறிப் பார்க்காமல் "பார்வையிட்டேன்" என்று எழுதியதில்லை. ஆகவே மறுநாளே குடை, நோட்டு, அளவு நாடா, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அருவிக்குப் போனேன். ஐம்பதடி உயரத்திலிருந்து தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருக்கிறது, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் அங்கே ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இரவல் வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாகப் பிடிக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள், ரெண்டு பேர் கையில் குடத்தோடு. "சார், ஒரு ஆளுக்கு எத்தனை வாளி?" என்று ஒருத்தர் பணிவாகக் கேட்டார். நான் வரிசையைக் கலைக்க மனமில்லாமல், ஒழுங்குபடுத்திவிட்டு வந்தேன். மலைக்கோட்டைக்குப் போனேன். அருங்காட்சியகத்துக்குப் போய், இருநூறு வருஷத்துப் பானையில் விரிசல் இருப்பதைக் காவலாளியிடம் சுட்டிக்காட்டினேன். "அது அப்படித்தான் சார் கிடைச்சுது" என்றார். அறிக்கையில், "விரிசல் உள்ளது, மாற்றித்தரப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிவிட்டேன்.

சாப்பாட்டையும் விடவில்லை. ஊரில் பேர்பெற்ற கடை ஒவ்வொன்றாகப் போனேன். பண்டம், நிலை, குறை, பரிந்துரை என்று நாலு பத்தி போட்டு எழுதினேன். சூப் கடையில் தண்ணீரை முதலில் குடித்துப் பார்த்து குளோரின் அதிகம் என்று சொன்னேன், கடைக்காரர் கடையை மூடவா என்று கேட்டார். ஏரிக்கரையில் வறுத்த மீன் ரொம்ப நன்றாக இருந்தது. அதற்குக் குறை என்ற பத்தியில் எழுத ஒன்றும் கிடைக்காமல் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று. உண்மையைச் சொன்னால் என்ன மச்சான், கல்யாணத்துக்கு அப்புறம் நான் இப்படிச் சுற்றியதே கிடையாது. காலையில் எழுந்தால் இன்றைக்கு எங்கே என்று ஒரு துள்ளல். ஞாயிற்றுக்கிழமை இரவு அறிக்கையை நீட்டினால் பாப்பா பாதிக் கண்ணைத் திறந்து கையெழுத்துப் போடுவாள். என்னிடம் கார்பன் பிரதி இருக்கும். ஒரு விடுமுறை நாளில் மட்டும், "ஏரிக்குப் போலாமாப்பா?" என்று கேட்டாள். "அதெல்லாம் போன வாரமே பாத்தாச்சு, எழுதியாச்சு. நீ ரெஸ்ட் எடு" என்றேன். அவளும் சரி என்று சீருடையைத் துவைக்கப் போய்விட்டாள்.

வந்தது வினை. போன வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து துறைத் தலைவரின் கடிதம் ஹோட்டல் விலாசத்துக்கு வந்தது. மீசைக்காரர் அதைப் பிரித்துச் சமையலறையில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்திருக்கிறார். அதன் நகலை அப்படியே எழுதுகிறேன்:

"மாணவியின் அறிக்கைகள் மிக நேர்மையாக உள்ளன. எனினும் கீழ்க்கண்டவை துறைக்குக் கவலை அளிக்கின்றன. இரண்டாம் வாரம்: 'கோட்டைப் படிகள் 412. முழங்கால் தேய்மானம் காரணமாக 180-உடன் திரும்பினேன்.' மூன்றாம் வாரம்: 'வறுகடலை நிலை தெரியவில்லை. மேல் பல் செட்டைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன்.' நான்காம் வாரம்: 'எனக்குச் சர்க்கரை இருப்பதால் இந்த இனிப்பைப் பக்கத்து மேசைக்காரரை விசாரித்து எழுதுகிறேன்.' இருபது வயது மாணவியின் உடல்நிலை குறித்து உரிய மருத்துவச் சான்று தேவை. ஐந்தாம் வாரம்: 'அருவி நன்று. என் மனைவியை அழைத்து வந்திருக்கலாம்.' இது குறித்தும் விளக்கம் தேவை. வருகிற வெள்ளியன்று நேர்முகத் தேர்வுக்கு நானே வருகிறேன்."

மச்சான், பொய் சொல்லக் கூடாது என்று எழுதினேன். யார் பேரில் எழுதுகிறோம் என்பது அந்த நேரத்தில் மனதில் நிற்கவில்லை. எந்தத் தொட்டியில் ஏறினாலும் ஏறியவன் நான்தானே?

அன்றிலிருந்து சமையலறையில் பாப்பாவுக்கு ராஜ உபசாரம். உட்கார நாற்காலி. சர்க்கரை போடாத டீ. "கடிச்சுச் சாப்பிடாதேம்மா, கஷ்டமா இருக்கும்" என்று மீசைக்காரர் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாராம். அவள் அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, எனக்குப் பல் செட்டு இருக்காம்" என்றாள்.

கார்பன் பிரதிகளைக் கேட்டாள். கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஆறு வாரத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். நடுவில் சிரித்தாள். சரி, கோபம் இல்லை என்று நினைத்து நானும் சிரித்தேன். அது தப்பாகப் போய்விட்டது.

"ஏரி அவ்வளவு நல்லா இருந்துச்சாப்பா?"

"பிரமாதம்மா. தண்ணி கண்ணாடி மாதிரி."

"மீனு?"

"ரெண்டு தட்டு சாப்பிட்டேன். எல்லாம் உனக்காகத்தானே."

"இந்த ஊருக்கு இன்டர்ன்ஷிப் வந்தது நானா நீங்களான்னே தெரியல. ஊருக்குப் போனா எல்லாரும் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்ல? வெங்காயம் இருந்துச்சுன்னு சொல்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், உங்களுக்கு என்னைத் தெரியுமே. அவள் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு அந்த மீன் எல்லாம் இப்போது நெஞ்சில் நிற்கிற மாதிரி இருந்தது. பெற்ற பெண்ணின் சாப்பாட்டைத் தட்டோடு பிடுங்கித் தின்றுவிட்டு, அவளுக்கு ஏப்பத்தை மட்டும் எழுதிக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது மச்சான். ஆனாலும் இந்தச் சமயத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வருஷம் போய்விடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உங்களோடு காலையில் நடக்க வருகிறாரே அந்த டாக்டர், அவரைப் பிடித்து, பாப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், சர்க்கரை, மேல் வரிசையில் பல் செட் மூன்றும் இரண்டு வருஷமாக இருப்பதாக ஒரு சான்றிதழ் வாங்கி வியாழனுக்குள் எனக்குக் கிடைக்கும்படி கூரியரில் அனுப்பவும். டாக்டர் தயங்கினால் பல் செட்டை விட்டுவிடலாம், கடலையை நான் வேறு விதமாகச் சமாளிக்கிறேன். ஐந்தாம் வாரத்து மனைவி விஷயத்துக்கு மட்டும் எனக்கு ஒரு வழியும் புலப்படவில்லை. நாலு பேர் பிரச்சினையைத் தீர்த்து வைக்கிறவர் நீங்கள், யோசித்து எழுதவும். இந்த யோசனை பாப்பாவுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியக் கூடாது, உங்கள் தங்கைக்கும் தெரியக் கூடாது. என்னைக் கேட்டால் டாக்டருக்கும் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. இது முடிந்த கையோடு சனிக்கிழமை ரயிலில் நான் கட்டாயம் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். குழாய் எப்படிப் போனாலும் போகட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, நன்றாகப் படித்து தங்கள் பரீட்சையைத் தாங்களே எழுதட்டும். உங்கள் தங்கைக்கு நான் கடிதமே எழுதவில்லை என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
பாப்பாவின் அப்பா

பி.கு: மேலே உள்ளதை முந்தாநாள் எழுதி, தபால் பெட்டி வரைக்கும் போய், போட மனம் வராமல் திரும்பி வந்தேன்; இதை இன்று சேர்த்து எழுதுகிறேன். சான்றிதழ் வேண்டாம். நேற்றுக் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பாப்பா துறைத் தலைவருக்கு போன் போட்டு, "சார், எனக்கு முழங்கால் நல்லா இருக்கு, எழுதினது எங்கப்பா" என்று போட்டு உடைத்துவிட்டாள். நான் நுரையோடு நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர், "மனைவின்னு வந்ததுமே சந்தேகப்பட்டேன்" என்றாராம். ஆறு அறிக்கைக்கும் பூஜ்யம். மிச்சமிருக்கிற பத்து நாளில் அவளே போய்ப் பார்த்து முழுசாகப் புதிதாக எழுத வேண்டும், நேர்முகத் தேர்வும் அதற்கப்புறம்தான், அதுவரை வெங்காயத்தை மற்ற நாலு பேர் புரிந்துகொள்ளட்டும் என்று மீசைக்காரரிடமும் பேசிவிட்டார். இன்று விடியற்காலை பஸ்ஸில் தனியாகக் கிளம்பிவிட்டாள். துணைக்கு வரேன் என்று குடையை எடுத்தேன். "நீங்க இருங்கப்பா" என்றாள். எந்தப் படி வழுக்கும், எந்தக் கடையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன், அதையும் வாங்கவில்லை. மத்தியானம் போன் வந்தது. "அப்பா, இங்க ஒண்ணு சாப்பிட்டேன். உங்க ஆறு ரிப்போர்ட்லயும் இது இல்லவே இல்ல" என்றாள். என்ன அது, என்ன கடை, எந்தத் தெரு என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். இது என் ரிப்போர்ட். அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பியவள் சிரித்தது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஆறு வாரம் இந்த ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தவன் கண்ணில் படாத பண்டம் எது என்று தெரியாமல் எனக்குச் சனிக்கிழமை ரயில் ஏற முடியாது. உங்கள் தங்கைக்கு ஒரு வரிகூடத் தெரியக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் மச்சான், பல் செட்டிலிருந்து ஒன்று விடாமல் சொல்லுங்கள். அவள் திட்டி முடித்ததும், அது என்ன பண்டம் என்று மெதுவாகக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.