செல்வமேரி கல்யாணத்துக்கு என் வண்டிதான் வரும்

சேசு மரி சூசை துணை

தாராவி,
14-1-1964

அன்புள்ள மருமகன் சேசுராஜுக்கு,

உன் தாய்மாமன் மரியசூசை ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. மேலே போட்டிருக்கும் துணையில் சேசு நீ, மரியும் சூசையும் நான். ஆக நம் குடும்பத்துக்கு வெளியே யாரையும் தேட வேண்டியதில்லை. இங்கே நானும் உன் அத்தை சேசம்மாளும் என் டாக்சியும் சுகம். அங்கே விக்ரோலியில் அக்காவும், கல்யாணப் பெண் செல்வமேரியும், நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பார்த்துக்கொள்வாள்.

நிற்க. (பார், கடிதம் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. வண்டியும் அப்படித்தான் நிற்கும், பொறு.)

உன் கடிதம் கண்டேன். நிச்சயதார்த்தத்தன்று செம்பூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் என் வண்டியின் பிரேக் கீச்சிட்டதாம், மாப்பிள்ளையின் தாயார் லூசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாராம், ஆகவே பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக நீ வேறு வண்டி பேசப்போகிறாயாம். ஏலே, பெண்ணைக் கோயில் வாசலில் கைபிடித்து இறக்குவது தாய்மாமன் உரிமை. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கு அக்கா என் மடியில் உட்காரவைத்த பிள்ளை அவள். எவனோ ஒரு வாடகை வண்டிக்காரன் கதவைத் திறக்க, நான் பின்னாலேயே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதா? சத்தம்தானே குறை, அதை ஒழிக்காமல் விடுவதில்லை என்று அன்றே வேட்டியை மடித்துக்கட்டிவிட்டேன்.

பிரேக் ஏன் கத்துகிறது என்பது பம்பாயில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இரண்டு பேர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றது, அங்கே எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாததால்தான். சக்கரத்துக்குள்ளே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு டிரம். காலால் மிதித்தால் உள்ளே இரண்டு பட்டை விரிந்து டிரம்மை அழுத்தும். பட்டையின்மேல் லைனிங் என்று ஒரு தகடு. இதற்கிடையில் தூசி புகுந்தால் கத்தும் என்று முதலில் டிரம்மைக் கழற்றி வாயால் ஊதினேன். தாராவித் தூசி முழுக்க என் மூக்கில் ஏறி, நான் தும்மிய தும்மலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழ, வண்டி மட்டும் பழையபடியே கீச்சிட்டது. லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தாலும் கத்தும் என்று அடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தாதர் போகும்வரை வாய்திறக்கவில்லை. திரும்பும்போது இரண்டு மடங்காகக் கத்தித் தீர்த்தது. அந்த நேரம் பார்த்து மாதுங்கா கராஜில் வேலைபார்க்கும் ஜெயினுலாப்தீன் வந்து தலையை நீட்டினான். அவனும் என்னைப்போல வாய்க்காரன்.

"மாமு, லைனிங் தேஞ்சுபோச்சு. அதுல இருக்க ஆணி டிரம்மைப் போட்டுச் சுரண்டுது. மாத்திரு."

"தேஞ்சதெல்லாம் மாத்தணும்னா, மொதல்ல உன் அத்தையல்லா மாத்தியிருக்கணும்" என்றேன்.

உள்ளேயிருந்து சேசம்மாள், "மாத்துங்க, மாத்துங்க. நானும் நல்ல வண்டியாப் பாத்துப் போய்க்கிடுதேன்" என்றாள்.

இவர்களோடு பேசிப் பயனில்லை என்று நானே யோசித்தேன். தொண்டை கட்டினால் நம் வீட்டில் என்ன செய்வோம்? அந்தோணியார் சுரூபத்தின் முன் வைத்து மந்திரித்த எண்ணெயைத் தடவுவோம். வண்டிக்கும் தொண்டைதானே கெட்டிருக்கிறது? நாலு சக்கரத்து லைனிங்கிலும் தாராளமாகத் தடவினேன். மருமகனே, கீச்சு மாயமாய்ப் போனது! காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியார், எனக்காகச் சத்தத்தைக் காணாமல் போக்கினார். கூடவே பிரேக்கையும். இது சயான் இறக்கத்தில்தான் தெரிந்தது.

பின்சீட்டிலிருந்து உன் அத்தை, "பிரேக்க மிதிங்க, மிதிங்க!" என்றாள்.

"மிதிச்சிக்கிட்டுத்தான்ட்டி இருக்கேன்!"

"ஒரு சத்தத்தையும் காணுமே!"

"அதுதான்ட்டி வேணும்னு சொன்னோம்!"

அப்படியே ஓர் எருமைத் தொழுவத்துக்குள் (இங்கே தபேலா என்பார்கள்) புகுந்து வைக்கோற்போரில் சாய்ந்தோம். நாற்பது எருமைகள். எட்டு என்பாள் உன் அத்தை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு எருமைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அமைதி எப்படி இருந்திருக்கும் பார்த்துக்கொள். பால்கார பையா மட்டும் ஓடிவந்து, "அரே மதராசி, ஹார்ன் நஹி ஹை க்யா?" என்றான். பிரேக்கே இல்லாதவனிடம் ஹார்னைக் கேட்கிறான்!

பிறகு ஜெயினுலாப்தீனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். டிரம்மைப் பெட்ரோலால் கழுவி, புது லைனிங் அடித்து, ஓரத்தை அரத்தால் ராவி மாட்டினான். எல்லாம் நான் சொல்லச் சொல்லத்தான். சில இடத்தில் நான் சொல்லுமுன்பே செய்துவிட்டான். சோதனைக்கு உன் அத்தையைத் தெருவில் நிற்கச் சொன்னேன். "பழைய முறம் கிடக்கு, அத வச்சுப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள். முறத்துக்கு ஒரு சாண் முன்னால், மூச்சுக்கூட விடாமல் நின்றது வண்டி.

ஆகையால் பேசிய வண்டியை இன்றே வேண்டாமென்று சொல்லிவிடு. திங்கட்கிழமை காலை உன் வாசலுக்கு வருவேன். வந்தது உனக்குக் கேட்காது. கதவைத் திறந்தால் நான் நிற்பேன். அக்காவுக்கு என் வணக்கம். செல்வமேரியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரை. உனக்கும் சீக்கிரம் ஒரு பெண் அமையட்டும். அவளையும் என் வண்டியிலேயே ஏற்றுவேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
மரியசூசை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் லூசியம்மாளே நேரில் வந்துவிட்டார். "அண்ணாச்சி, வேற வண்டி பிடிக்கப்போறதா சேசுராஜ் சொல்லுதானே, அது ஆவாது. திருப்பத்துல வண்டி வாறது கோயில்ல இருந்து பாத்தாத் தெரியாது. ஒங்க வண்டி கத்துனதும் மணி அடிக்கணும், பேண்டு வாசிக்கணும்னு எல்லாருட்டயும் சொல்லியாச்சு. அன்னைக்கு நான் சிலுவை போட்டது, பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்கங்கிற சந்தோசத்துல" என்றார். சத்தத்தை ஒழித்துவிட்டேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய லைனிங்கைத் திருப்பிக் கேட்டேன். "நானும் அந்த வண்டியிலதான் கல்யாணத்துக்கு வாறேன் மாமு" என்று ஜெயினுலாப்தீன் தர மறுத்துவிட்டான். எனவே நீ முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் திருப்பத்தில் நான் தொடையைத் தட்டியதும் கீச்சிட வேண்டும். குழந்தையிலிருந்தே உன் குரல் அதற்குத் தோதானது. இன்றே பழக ஆரம்பி. முடிவில் கொஞ்சம் இழு.