தொண்டையைத் தொட்டுப் பார்ப்பவர்

மனிதர்களில் உச்சரிப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் மனம் உருகி ஒரு துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். பல்லில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும் என்று நாம் கூச்சத்தோடு நாக்கால் துழாவுவோம். அவரோ அந்த நாக்கு எங்கே போய் முட்டுகிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீடு பற்றி எரிகிறது, ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடுங்கள் என்று ஓடிப்போய் நின்றால், மேல் பல்லைக் கீழ் உதட்டில் மெல்லப் பதித்து ஊதவேண்டும் என்று ஆரம்பிப்பார். கெட்டவரா? இல்லவே இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாமே.

இங்கே சொல்லப்போகிறவர் தண்ணீர்க் குழாய்கள் அடுக்கிவைத்த ஒரு கிடங்கில் எழுத்தர். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தொண்டை சார். ஆங்கிலத்தில் 'ஸ்' என்ற சத்தத்துக்கு ஒரு கூடப்பிறந்த தம்பி உண்டாம், இசட் எழுத்தின் சத்தம். நாக்கும் பல்லும் அண்ணனுக்கு நிற்பதுபோலத்தான் தம்பிக்கும் நிற்குமாம். தம்பிக்கு மட்டும் வண்டு பறப்பதுபோலத் தொண்டை அதிருமாம். தம்பி வரவேண்டிய இடத்துக்கெல்லாம் நாம் அண்ணனையே அனுப்பிவைக்கிறோம் என்பது அவருடைய தீராத மனக்குறை. அதனால் யார் வந்தாலும் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்வார். ஒருநாள் தபால்காரர் எட்டிப் பார்த்தபோது குடும்பமே கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாப்பாட்டில் ஏதோ விழுந்துவிட்டதென்று பதறி, அந்த மனிதர் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினார்.

அகராதியின் முன்பக்கத்தில், எந்தச் சத்தத்துக்கு எந்தக் குறி என்று ஒரு அட்டவணை இருக்குமே, நாமெல்லாம் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போவோமே, அதை அவர் மனப்பாடம் செய்திருந்தார். சத்தத்துக்கு ஒரு சீட்டு எழுதிச் சமையலறைச் சுவர் நிறைய ஒட்டினார். வால் முளைத்த 'என்', கொக்கிபோல நீண்ட 'எஸ்', தலைகீழாகக் கவிழ்ந்த 'ஈ' என்று எல்லாம் ஆங்கில எழுத்துகள். அவர் மனைவி தெருவுக்கே துணி தைத்துக் கொடுப்பவள். கவிழ்ந்து கிடந்த எழுத்தைப் பார்த்து, பாவம், அவசரத்தில் மாற்றி ஒட்டிவிட்டார் என்று இரக்கப்பட்டு, பிரித்து நேராக ஒட்டிவைத்தாள். அன்று முழுவதும் அவர் அவளோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அவளுக்கு ஒரு கவலை இருந்தது. மகள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை விரும்பினாள். மழைநாளில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஈரச் செருப்போடு உள்ளே வராமல் வாசலிலேயே நின்ற பிள்ளை; அந்த அடக்கம் தாய்க்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா மனசாரச் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று அவன் உறுதியாகச் சொல்லிவிட்டான். அங்கேதான் சிக்கல். முன்பு சம்பந்தம் பேச வந்த ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் ஜீரோ என்று சொல்லப்போக, தொண்டை சார் எழுந்துபோய் அவர் கழுத்தில் கை வைத்துவிட்டார். அவர்கள் காபி ஆறுவதற்குள் செருப்பைத் தேடினார்கள்.

மகள் அப்பாவிடம் சொல்லாமல் இல்லை.

"அப்பா, நான் ஒருத்தரை விரும்புறேன். லிஃப்ட் மெக்கானிக். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்."

"லிஃப்ட்ல கடைசிச் சத்தத்தை முழுங்கிட்டியேம்மா. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். முகம் நிறைய பவுடர், புதுச் சட்டை. தொண்டை சார் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் வாய்க்கு நேராக உட்கார்ந்தார். அவன் மோட்டார் என்றான், திருத்தினார். கேபிள் என்றான், திருத்தினார். அவர் பார்த்த பார்வையில் பையன் மிரண்டுபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசத் தொடங்க, கையை எடுங்க தம்பி, உதடு தெரியணும் என்றார். அவனுக்குப் பவுடர் கரைந்து ஒழுகியது. அவன் கண் மெல்ல வாசல் பக்கம் போவதை, சமையலறை நிலையில் சாய்ந்து நின்ற தாய் பார்த்துவிட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாம் எப்படி உச்சரித்தாலும் காது கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம், இந்தப் பிள்ளை எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள் அப்பனே என்று வேண்டினாள்.

கண்ணைத் திறந்தபோது, மகள் நாற்காலிக்கடியில் அவன் காலை மிதிப்பது தெரிந்தது. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சார், உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன். கண்கலங்காம வச்சுப்பேன். நீங்க சம்மதிக்கணும், ப்ளீஸ்."

அந்தக் கடைசிச் சத்தம் இருக்கிறதே, அண்ணன் இல்லை, சாட்சாத் தம்பி. ஒரு வாரமாக மகள் அவனைப் பேருந்து நிறுத்தத்தில் நிறுத்திவைத்துப் பழக்கியதும், பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாள் தேனீ என்று முந்தானையால் தலையை மூடிக்கொண்டதும் பிறகுதான் தாய்க்குத் தெரிந்தது. தொண்டை சார் எழுந்த வேகத்தில் தம்ளர் உருண்டது. பையனின் தொண்டையில் விரலை வைத்து, கண்ணை மூடி, இன்னொரு தடவை என்றார். அவன் சொன்னான். அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது. கேட்காமலே அந்தச் சத்தத்தை அவருக்குக் கொடுத்தவர் இதுவரை யாருமில்லை. அப்படியே அவனை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

தாய் இனிப்போடு ஓடிவந்தாள். மகள் அழுதாள். பையன் மாமா என்றான். அதில் ஆங்கிலம் ஏதும் இல்லாததால் அவர் ஆட்சேபிக்கவில்லை.

பையன் போன பிறகு தொண்டை சார் மனைவியின் தையல் மெஷின் பக்கம் வந்து நின்றார்.

"ரொம்ப நல்ல பிள்ளை. ஆமா, எதுக்கு வந்தான்?"

மெஷின் நின்றது. "உங்க பொண்ணைக் கேட்டு வந்தான். நீங்கதானே கட்டிப்பிடிச்சு அனுப்பி வச்சீங்க?"

தொண்டை சார் சுவரைப் பார்த்தார். உலகத்தில் ஒருவருக்கும் காது சரியில்லை என்று ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த மனிதர், எதிரே உட்கார்ந்து பெண் கேட்டது என் காதில் விழவில்லை என்று எந்த வாயால் சொல்வார்? மாமனாராகிவிடுவதே மேல் அல்லவா?

"அது தெரியாமலா," என்றார். "நீ கவனிச்சியான்னுதான் கேட்டேன்."

அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பு பாதி, நன்றி பாதி. அடைத்துக்கிடந்த கதவைக் கடவுள் எந்தச் சாவியால் திறந்தார் பாருங்கள்.

நாம் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. சந்தோஷம். ஆனால் இவ்வளவு நேரமும் எங்கே ஒற்று விட்டுப்போயிற்று, எங்கே துணைக்கால் போட மறந்துபோயிற்று என்று உள்ளுக்குள் குறித்துக்கொண்டே வரவில்லையே? வந்திருந்தால் தவறில்லை. அந்தப் பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மேலே திரும்பிப் பார்க்கக் கூடாது.