குவபாதாவின் டயர் ஆராய்ச்சி

கார் ஓட்டுகிறவர்கள் ஓர் இனம், கார் துடைக்கிறவர்கள் ஓர் இனம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம், டயர் தேர்ந்தெடுப்பவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் டயரைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். வாங்க மாட்டார்கள்.

ஜப்பானில், எங்கள் செண்டாய் நகரத்துக் குவபாதா அந்த இனத்தின் திலகம். நீர்வாரிய குமாஸ்தா. ஐம்பதாவது வயதில், மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர். நவம்பர் பிறந்ததும் கோடைக்கால டயர்கள் நான்கையும் சக்கரத்தோடு கழற்றி, குளிப்பாட்டி, துவட்டி, விருந்தினர் அறையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்தார். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, ஹீட்டர் ஆகவே ஆகாது. புத்தாண்டுக்கு மாமியார் வந்தார்.

"ஏங்க, அம்மா எங்க படுப்பாங்க?" என்றாள் மனைவி சுமியே.

"சமையக்கட்டுல படுக்கட்டும். மனுஷங்க மூச்சு விட்டா அந்த ரூம்ல ஈரம் ஏறிடும்."

மாமியார் சமையலறையில் மூச்சு விட்டார்.

பனியில் ஓட்டுவதற்கான குளிர்கால டயரை நவம்பரிலேயே தேட ஆரம்பித்திருந்தார். மிருதுவான ரப்பர் பனிக்கட்டியில் பிடிக்கும், வளைவில் ஆடும். கெட்டி ரப்பர் வளைவில் நிற்கும், பனிக்கட்டியில் சறுக்கும். இதை நோட்டில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைக்காரர் கும்பிடாத குறை. "சார், வழுக்காத டயரா ஒண்ணு போட்டுக்கிட்டுப் போங்களேன்!"

"வளைவுல கார் என்னைப் பத்தி என்னய்யா நினைக்கும்?"

டிசம்பர் போயிற்று. கார் நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல், காலில்லாமல் நின்றது.

ஜனவரி நடுவில் மகள் சிஹாயாவுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அன்று விடிவதற்குள் முழங்கால் அளவு பனி. பஸ் இல்லை, டாக்ஸிக்காரன் போனை எடுக்கவில்லை. ஏழு மணிக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தேர்வுச் சீட்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள். தகப்பனார் என்ன செய்தார்? குனிந்து பனியை ஒரு பிடி அள்ளினார்.

"ஈரப் பனிம்மா. நான் எழுதி வச்ச மூணாவது டயர்தான் இதுக்குச் சரி. அப்பவே நினைச்சேன்!"

சிஹாயா கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுமியே செருப்போடு பனியில் ஓடி, பக்கத்து டோஃபு கடை ஓகோஷி அம்மாளின் கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் சரக்குத் தட்டுகளை இறக்கிப்போட்டு, துருப்பிடித்த குட்டி லாரியைக் கிளப்பினாள்.

"ஏறு கண்ணு. அழுதா எழுத்து தெரியாது."

பின் சக்கரத்தருகே யாரோ குந்தியிருந்தார். கையில் டயர்க் காடியின் ஆழம் அளக்கும் கருவி.

"ஓகோஷி அம்மா, இது எந்தக் கம்பெனி டயர்?"

"கறுப்பா இருக்கு, உருண்டையா இருக்கு. எந்திரிங்க, இல்ல மேல ஏத்திருவேன்!"

தேர்வு மையத்தின் கேட் மூட ஏழு நிமிஷம் இருக்கும்போது லாரி போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் மகள் திரும்பியதும் குவபாதா வாசலுக்கே ஓடி வந்தார்.

"ஏம்மா, வளைவுல லாரி எப்படித் திரும்பிச்சு?"

"பரீட்சை எப்படி எழுதினேன்னு கேக்க மாட்டீங்களாப்பா?"

அப்படி ஒரு கேள்வி இருப்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை. கேட்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். ஏப்ரலில் வெளியூர்க் கல்லூரிக்கும் போய்விட்டாள். ரயிலடிக்கு ஓகோஷி அம்மாள்தான் கொண்டுபோய் விட்டாள். குவபாதா குளிர்கால டயர் வாங்கியது அதற்கு முந்தின வாரம், பனியெல்லாம் கரைந்து செர்ரி மொட்டு விடுகிற சமயத்தில்.

சிரிக்கிறீர்கள். இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்கள். நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: 'அது சரி, கடைசியில் எந்த டயர் வாங்கினார்?' என்று இப்போது மனசுக்குள் கேட்டீர்களா, இல்லையா?

கேட்டிருந்தால், உங்கள் வீட்டாருக்கு என் அனுதாபங்கள்.