கையெழுத்துப் போடப் போன கதை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகளின் மாமனார் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். தங்கள் சுகத்தையும், சம்பந்தியம்மாளின் வலது முழங்காலின் சுகத்தையும் (இடது பரவாயில்லை என்று புறப்படும்போது கேள்விப்பட்டேன்) அறிய ஆவல். விமானத்துக்காகத் தாங்கள் அன்புடன் இரவல் கொடுத்த கழுத்துத் தலையணை பத்திரமாக இருக்கிறது. அதில் ஓரிடத்தில் கிரீஸ் பட்டிருக்கிறது. காரணம் கீழே வரும்.

இந்தக் கடிதம் வந்து சேருமுன் நானே வந்து சேர்ந்துவிடக்கூடும். அப்படியிருக்க எதற்குத் தபால் என்று தாங்கள் கேட்கலாம். நேரில் என்றால் தாங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பதினோரு வருடமாக அதுதான் நடக்கிறது, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வழியனுப்ப வந்த அன்று, வாசலில் எல்லோர் முன்னிலையிலும், "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரதுக்குப் போயி இவ்வளவு கவலையா சம்பந்தி?" என்று தாங்கள் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விமானம் ஏறிய பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று தெரிந்தது.

தாங்கள் நம் முன்னோர் பிறந்த இந்த நாட்டுக்கு நான்கு முறை வந்து போனவர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அறுபத்தாறு வயதில் முதன்முறையாக வருகிறேன். ஆகவே என் அனுபவம் தங்களுக்குப் புதிதாக இராது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஓட்டுநர் ஒருவர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். அதில் என் பெயர்தான் இருந்தது. ஆனால் பெயருக்குக் கீழே 'இயந்திர நிபுணர்' என்று எழுதியிருந்ததால், இதே பெயரில் வேறு யாரோ நிபுணர் வருகிறார் போலிருக்கிறது, அவர் காரில் நாம் ஏறிவிடக் கூடாது என்று சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அங்கே ஓட்டுநரும் நானும் மட்டுமே மிச்சம். "ஐயா, நீங்க யாருக்காக வெயிட் பண்றீங்க?" என்றார். "அந்த நிபுணர் வருகிறாரா என்று பார்க்கிறேன்" என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பெட்டியில் மாத்திரைகள் இருந்ததால் பின்னாலேயே ஓடினேன். அப்படித்தான் நான் நிபுணர் ஆனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு காலம் வீட்டுக்குள் மட்டும் பேசிய மொழியை இங்கே தெருவே பேசுகிறது. போக்குவரத்துக் காவலர் அதே மொழியில் திட்டுகிறார், விளம்பரப் பலகை அதே மொழியில் கூப்பிடுகிறது. ஊரே என் உறவினர் என்று தோன்றிவிட்டது. விடுதி லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். எங்கள் பெரியப்பாவே சொன்னது போல மூலையில் ஒடுங்கி நின்று, அவர் இறங்கிய மாடியிலேயே நானும் இறங்கிவிட்டேன். என் அறை அங்கே இல்லை.

தூக்க விஷயத்துக்கு வருகிறேன். "எறங்கினதும் படுக்காதீங்க, பொழுது சாயற வரைக்கும் தாக்குப்பிடிங்க" என்று தாங்கள் சொல்லியனுப்பிய விதியை நான் எழுதியே வைத்திருந்தேன். வலது கையில் இந்த ஊர் நேரம், இடது கையில் வீட்டு நேரம் என்று இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டேன். மாத்திரை நேரம் மாறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், வீட்டுக் காலை ஆறு மணிக்கு இடது கைக் கடிகாரம் கீச்சிடும். இரண்டுக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். அந்த அரை மணிதான் என்னைப் படுத்திவிட்டது. முழு மணியாக இருந்தால் விரல் விட்டு எண்ணலாம், அரை விரலுக்கு எங்கே போவது? முதல் நாள் விடுதியில் காலைச் சிற்றுண்டி நேரத்தில் இறங்கி வந்து இரவுச் சாப்பாடு கேட்டேன். பரிமாறுகிறவர் ரொட்டியையும் முட்டையையும் வைத்துவிட்டு, "ராத்திரிக்கும் இதுதான்னு நெனச்சுச் சாப்பிடுங்க பெரியவரே" என்றார். நினைத்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் தொழிற்சாலை. நான் வந்த வேலையைத் தாங்கள் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் வாங்கப்போவது அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரம். ஒப்பந்தப்படி அது எட்டு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் நான் கையெழுத்துப் போடுவேன், அது கப்பலேறும். போடாவிட்டால் ஏறாது. ஓய்வு பெற்று ஆறு வருடமான என்னை மேலாளர் அம்மா (பழைய முதலாளியின் மகள்) கூப்பிட்டு, "மெஷினும் தெரியணும், அவங்ககூடப் பேசவும் தெரியணும், ரெண்டும் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்த ஒரு சங்கதி உண்டு. இருபது வருடத்துக்கு முன் இதேபோல் ஓர் இயந்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் எனக்கு எதில்தான் வராது, என் சந்தேகத்துக்காக நாலு பேரைக் காக்க வைப்பானேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் அது படுத்துவிட்டது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. இயந்திரத்தைக் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பதினான்கு மாதம் அதன் கைப்பிடியில்தான் என் குடையை மாட்டினேன். சம்பந்தி, ஒரு கையெழுத்து என்று தாங்கள் சொன்னபோது எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வந்தது.

காலை எட்டு மணிக்கு இயந்திரத்தை ஓட விட்டார்கள். வாசலில் லாரி காலையிலிருந்தே தயார். நான் ஒரு ஸ்டூல் கேட்டேன், தொழிற்சாலை நிர்வாகி தன்னுடைய சுழல் நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்து போட்டார். மின்விசிறியைத் திருப்பி வைத்தார். கழுத்துக்குத் தங்கள் தலையணையும் இருந்தது. இவ்வளவும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதிலும் அந்தச் சத்தம் இருக்கிறதே, டக், சர்ர், டக், முப்பத்தோரு வருடம் நான் கேட்ட அதே சத்தம். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டின் அமைதியில் எனக்குச் சரியான தூக்கமே கிடையாது. "மிக்ஸி ஓடினாத்தான் இவருக்குக் கண்ணு சொக்குது" என்று தங்கள் சம்பந்தியம்மாள் (அதாவது என் மனைவி) சொல்லித் தாங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு மணி வரை தாக்குப்பிடித்தேன். அதற்கப்புறம், வெட்கத்தோடு எழுதுகிறேன், நன்றாகத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வலது கையில் மணி இரண்டரை. சத்தம் இல்லை. இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடுகிற தலைமை மெக்கானிக் அதன் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். நிர்வாகி உதட்டில் விரல் வைத்தபடி நின்றார். நான் எழுந்ததைப் பார்த்த கிரீஸ் அண்ணன் கையை உருவிய வேகத்தில்தான் தங்கள் தலையணையில் கறை. நான் குறிப்பேட்டை எடுத்து மணியை எழுதினேன். மூன்று நிமிடத்தில் மறுபடி ஓட விட்டார்கள். அதையும் எழுதினேன்.

"மூணே நிமிஷம்தானே ஐயா" என்றார் நிர்வாகி. "கடைசில மூணு நிமிஷம் கூட ஓட்டிக் காட்டிடறோம். சரியாப் போச்சு."

"ஒப்பந்தத்தில் நிற்காமல் என்று போட்டிருக்கிறதே" என்றேன்.

"ஐயா பேசறதே பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு" என்று கிரீஸ் அண்ணன் முணுமுணுத்தார்.

"நின்னுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்கதான் தூங்கிட்டு இருந்தீங்களே!" என்றார் நிர்வாகி.

"தூங்கினேன். அதையும் எழுதியிருக்கிறேன்" என்று குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒரு மணிக்கு நேரே 'கண் அசந்தது (நான்), உத்தேசம்' என்றும், இரண்டரைக்கு நேரே 'நிற்கிறது (இயந்திரம்)' என்றும் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். அதற்குள் லாரிக்காரர் உள்ளே வந்து, "பெருசு, ஒரு கையெழுத்துக்கு எவ்ளோ நேரம்? காலைல இருந்து நிக்கிறேன்யா" என்றார்.

ஒரு கையெழுத்து! தாங்களே லாரியில் வந்து இறங்கியது போல இருந்தது. பயத்தில் குறிப்பேட்டைப் பட்டென்று மூடிவிட்டேன். அதை அவர்கள் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் முதலிலிருந்து" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், ஆகவே நானாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் எனக்கு விமானம். பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டுமென்று மேலாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை முன்னதாகவே தாளில் எழுதி வைத்திருந்தேன், முதல் வரிக்கு மேல் தேவைப்படவில்லை. "நின்னுடுச்சா? அப்ப நீங்க இருங்க, டிக்கெட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு, "அந்தக் குடை மாட்டின மெஷினைப் பத்தி அப்பா சொல்லியிருக்காரு. இனிமே அவரைத் தவிர யாரு கையெழுத்தையும் நம்பாதேன்னாரு" என்றார். அவர் போனை வைத்த பிறகும் நான் சற்று நேரம் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நிர்வாகி போனதும் கிரீஸ் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உள்ளதச் சொல்லிடறேன் ஐயா. அந்தப் பக்கத்து பேரிங் சூடாவுது. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆற விட்டாத்தான் ஓடும். எங்க ஓனரு ஏத்தி அனுப்புன்னுட்டாரு." நான் போய்ப் பார்த்தேன். "எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, தவறாகவும் இருக்கலாம், பெல்ட்டை ஒருவேளை அதிகமாக இறுக்கிவிட்டீர்களோ?" என்றேன். தளர்த்தினார்கள். அடுத்த நாள் எட்டு மணி முதல் நான்கு மணி வரை, நான் நாற்காலியைத் தொடவேயில்லை, இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பாதியிலிருந்து கிரீஸ் அண்ணனும் கூடவே நடந்தார். கடைசியில் பேரிங்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கைக்கொழந்தை நெத்தி மாதிரி இருக்கு ஐயா" என்றார். நான் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவதை உரிய இடத்தில் போட்டேன்.

"தூக்கத்துல எப்படி ஐயா கண்டுபிடிச்சீங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். "சத்தம் இருந்தால் தூங்குவேன், சத்தம் நின்றால் விழித்துவிடுவேன். முப்பத்தோரு வருடப் பழக்கம்" என்றேன். அதற்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. லாரிக்காரர் மற்றொரு லாரிக்காரரிடம், "அந்த ஆளு தூங்கும்போதுதான்டா உஷாரா இருக்கணும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். சம்பந்தி, தற்பெருமை எனக்குப் பழக்கமில்லை. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இப்படி ஒன்று இருக்கிறது என்று அறுபத்தாறு வயதில்தான் எனக்கே தெரிந்தது.

சம்பந்தியம்மாளின் இரு முழங்கால்களுக்கும் என் அன்பான விசாரிப்பு. தங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் ஆசிகள். தங்கள் வீட்டில் எல்லா இயந்திரங்களும் எல்லா மனிதர்களும் நிற்காமல் ஓட வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நேரங்களைச் சரிபார்க்கக் குறிப்பேட்டைத் திறந்தேன். 'இரண்டரை, நிற்கிறது (இயந்திரம்)' என்பதற்கு அடுத்த வரியில், என் கையெழுத்திலேயே, 'மாத்திரை ஒன்று, தண்ணீருடன்' என்று இருக்கிறது. இங்கே பகல் இரண்டரை என்றால் வீட்டில் காலை ஆறு. அந்த அரை மணி இப்போதுதான் கணக்கில் பொருந்துகிறது. ஆகவே என்னை எழுப்பியது இயந்திரத்தின் மௌனம் அல்ல, இடது கைக் கடிகாரம். வழியனுப்ப வந்த கிரீஸ் அண்ணனிடம் உடனே உண்மையைச் சொன்னேன். "அலாரமாவது ஒண்ணாவது! பெரிய மனுஷங்க தன்னடக்கமா இப்படித்தான் சொல்லுவாங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தங்களையாவது ஏமாற்றக் கூடாது. முழுவதையும் திருப்பி எழுத நேரமில்லை, கார் வந்துவிட்டது. மேலே 'சத்தம் நின்றால் விழித்துவிடுவேன்' என்று இருக்கும் இடத்தில் 'மாத்திரைக்காக விழித்தேன்' என்று தயவுசெய்து திருத்தி வாசிக்கவும். 'மறுபடியும் முதலிலிருந்து' என்று சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் திருத்த வேண்டாம். அதைச் சொல்லும்போது எந்த அலாரமும் அடிக்கவில்லை. இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டேன்.